எத்தனை கண் பிழைத்தது?
மருத்துவத்துக்கான செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து மருத்துவத்துக்கான ஏ.ஐ. மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். கல்லூரி ப்ராஜெக்ட்டாகத் தொடங்கியதை ஒரு சிறு நிறுவனமாக வளர்த்து, இன்று மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் கருவியோடு நிற்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, கணினி படித்தவளும் அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை முகாம்களில் பெயர் பதிவது, சொட்டு மருந்து விட்டவர்களை வரிசையாக உட்காரவைப்பது, மேல்சிகிச்சைக்குப் போகச் சொன்னவர்கள் போனார்களா என்று வீடு தேடிப்போய் விசாரிப்பது, இதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் உங்கள் கருவி எப்போது வரும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. வந்துவிட்டது, மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தில் நோயைக் கண்டுபிடித்த இடத்தில் உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த நோயாளிக்குச் சிகிச்சை கிடைத்த பிறகுதான் கருவி வேலை செய்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது.

முதலில் நோயைப் பற்றி. சர்க்கரை கண்ணைத் தொடும்போது சத்தம் போடுவதில்லை. விழித்திரையில் இருக்கிற மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்லப் பழுதாகின்றன. ஓரிடத்தில் புடைக்கும், ஓரிடத்தில் கசியும், ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட பகுதிக்கு ரத்தம் கொண்டுவர உடம்பு புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அவற்றுக்கு உறுதி கிடையாது. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவரை அந்த மனிதருக்கு வலி இல்லை, கண் சிவக்கவில்லை, பல நேரங்களில் பார்வையும் குறையவில்லை. "எனக்குக் கண்ணு நல்லாத்தான்மா தெரியுது, எதுக்கு இந்த டெஸ்ட்டு?" என்று முகாமில் கேட்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றாகத் தெரிகிற காலத்தில் கண்டுபிடித்தால்தான் லேசரும் ஊசியும் முழுப் பயன் தரும். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு 2023இல் கணக்கிட்டது. 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருப்பதாகவும், நூற்றில் நான்கு பேருக்கு அது பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருப்பதாகவும் 2022இல் வெளியான ஸ்மார்ட் இந்தியா ஆய்வு சொன்னது. சர்க்கரை நோயாளிகள் எல்லோருடைய விழித்திரையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது பார்த்தாக வேண்டும். இருக்கிற கண் மருத்துவர்கள் அறுவை சிகிச்சையையும் பார்த்துக்கொண்டு இதையும் முழுதாகச் செய்துவிட முடியாது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கருவிக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. தேவையே இல்லாத இடத்தில் ஏ.ஐ.யைத் திணிக்கும் கதை இது அல்ல.

இந்த வகைக் கருவி எப்படிப் பெயர் பெற்றது என்பது உங்களில் பலருக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 கடைசியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் கூகுள் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை வந்தது. நோயைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய விழித்திரைப் படங்கள் 1,28,175. அவற்றைப் பார்த்துத் தரம்பிரித்தவர்கள் 54 பேர், அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்களும் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்களும். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை பார்த்தார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவில் எடுத்தவை. மற்றவை மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளிலிருந்து போனவை. உலகம் வியந்து பேசிய அந்த ஏ.ஐ.க்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் நம் ஊர்க்காரர்களின் கண்களுக்கும் பங்கு உண்டு. இதை நீங்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது. அவர்கள் கொடுத்தது திரும்ப அவர்களுக்கு வந்து சேர வேண்டும்.

ஒரே படத்தை ஏன் அத்தனை முறை பார்த்தார்கள்? மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு வருகிறது என்பதால்தான். ஒருவர் லேசான பாதிப்பு என்று சொல்வதை இன்னொருவர் நடுத்தரம் என்பார். அதே மருத்துவர் இன்னொரு நாள் அதே படத்துக்கு வேறு தரம் போடுவதும் உண்டு. ஆக, உங்கள் கணினி 'சரியான விடை' என்று படித்தது பல மனிதர்களின் தீர்ப்பைத் தொகுத்து எடுத்த முடிவை. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய எத்தனை ஆண்டு அனுபவம் இருக்கிறது என்பதை அறிந்தவர், 'மருத்துவரை வென்ற இயந்திரம்' என்று விளம்பரம் எழுத மாட்டார்.

அடுத்து, உங்கள் கையில் இருக்கிற ஓர் அதிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டும். நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதை நீங்கள் ஓர் எண்ணை மாற்றித் தீர்மானிக்கிறீர்கள். 2016 கட்டுரையிலேயே அதற்கு இரண்டு அளவுகள் இருந்தன. சோதித்துப் பார்த்த இரண்டு படத்தொகுப்புகளில் பெரியதில் கோட்டை ஒரு பக்கம் வைத்தபோது, நோயுள்ளவர்களில் 90.3 விழுக்காட்டைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 98.1 விழுக்காட்டைச் சரியாக விடுவித்தது. கோட்டை நகர்த்தியபோது 97.5 விழுக்காட்டைப் பிடித்தது, விடுவித்தது 93.4 ஆகக் குறைந்தது.

இதை முகாம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் நூறு பேருக்கு மேல்சிகிச்சை தேவைப்படும் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவில் அந்த நூறு பேரில் பத்துப் பேர் தப்பிவிடுவார்கள். 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்ற சொல்லோடு வீட்டுக்குப் போய், சிலர் பார்வையை இழப்பார்கள். நோயில்லாத தொள்ளாயிரம் பேரில் பதினேழு பேரை மட்டும் வீணாக அலையவிடுவோம். இரண்டாவது அளவில் தப்புகிறவர்கள் இரண்டு, மூன்று பேர்தான். ஆனால் நோயில்லாத ஏறக்குறைய அறுபது பேர் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவார்கள்.

எது சரி? கணினிக்கு இதற்கு விடை தெரியாது. பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் அறுபது பேரை அனுப்புவது பெரிய கஷ்டம் இல்லை. மலைக் கிராமத்தில் அதே அறுபது பேரும் ஆளுக்கு ஒருநாள் கூலியை இழப்பார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு முகாமுக்கு வரவே மாட்டார்கள். கூடவே அக்கம்பக்கத்தாரையும் தடுப்பார்கள். கோடு எங்கே என்பது பொறியியல் கேள்வி மட்டும் அல்ல. அந்த ஊரின் தூரமும் கூலியும் பஸ் நேரமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியது. அந்த ஊர் மருத்துவரையும் செவிலியரையும் கேட்காமல் அந்த எண்ணைப் பூட்டிவைக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் பாடங்கள் இருக்கின்றன. அந்தக் கூகுள் கருவியை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. நோயைப் பிடித்த விகிதம் முன்னதில் 88.9, பின்னதில் 92.1. பழைய 97.5ஐவிடக் குறைவு. இருந்தாலும் அங்கே கையால் தரம்பிரித்தவர்களுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். நல்ல முடிவுதான். ஆனால் சேமித்துவைத்த படங்களில் வரும் எண்ணும், வாசலில் நிற்கும் மனிதர்களிடம் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது என்பதை அது வெளிப்படையாகவே காட்டிவிட்டது. உங்கள் விளக்கப் படங்களில் எந்த எண்ணைப் போடுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 சுகாதார நிலையங்களில் இதே வகைக் கருவியை வைத்தபோது, செவிலியர்களோடு இருந்து கவனித்த கூகுள் குழுவே 2020இல் அதை எழுதி வெளியிட்டது. அதுவரை பரிசோதனை முடிவுக்குப் பத்து வாரம் வரை காத்திருந்த இடம் அது. கருவி வந்தால் சில நிமிடங்களில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைக் கருவி 'தரமில்லை' என்று தள்ளிவிட்டது. பல நிலையங்களில் படம் எடுக்கத் தனி இருட்டறை கிடையாது. இணைய வேகம் குறைந்த இடங்களில் ஒரு படம் ஏறவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரம் இணையம் போனதில், 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. நோய் இருக்கலாம் என்று கருவி சொன்னால் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், சில இடங்களில் செவிலியர்களே நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்று சொன்னார்கள். அந்தச் செவிலியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்கள் ஊர் ஏழையின் பயணச் செலவு அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் குழு குறைகளை மறைக்காமல் எழுதியதை நான் மதிக்கிறேன். அதே நாட்டில் ஒன்பது ஆரம்ப நிலை மையங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2022இல் வந்தபோது, கருவி நோயைப் பிடித்த விகிதம் 91.4. முடிவுகளை விழித்திரை நிபுணர்கள் மேற்பார்வை செய்தார்கள். செவிலியர் பட்ட சிரமத்தைக் கண்ணெதிரே பார்த்து எழுதியவர்கள் இருந்தால்தான், அடுத்து வருகிறவர்களுக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும்.

இனி, நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் படம் எடுக்கும் அறைக்கு வாருங்கள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருப்போம். மேஜையில் விழித்திரையைப் படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமரா. சொட்டு மருந்து விடாத அறுபது வயது அம்மா தாடையை அந்தத் தாங்கியில் வைக்கிறார். தாங்கி உயரமாக இருக்கிறது; முதுகு வளைந்தவருக்கு எட்டவில்லை. ஸ்டூலில் மடித்த துண்டை வைத்து உயர்த்துகிறோம். "பச்சை விளக்கைப் பாருங்கம்மா, சிமிட்டாதீங்க." ஃபிளாஷ் அடிக்கிறது. வலது கண்ணின் படம் பரவாயில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் இடது கண்ணின் பாப்பாவும் சேர்ந்து சுருங்கிவிட்டது. உடனே அடுத்த படம் எடுத்தால் ஓரமெல்லாம் கறுத்துப்போகும். சில நிமிடம் இருட்டில் உட்காரவைத்து, பாப்பா மறுபடி விரிந்த பிறகு எடுக்க வேண்டும். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். சொட்டு மருந்து விட்டவர்கள் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பொறுமையுள்ள டெக்னீஷியன் காத்திருந்து எடுப்பார். அவசரப்படுத்தினால் கறுத்த படம்தான் உங்கள் சர்வருக்கு வரும்.

அந்த அம்மாவுக்குக் கண்புரையும் இருந்தால்? படம் பனிமூட்டமாக இருக்கும். கருவி 'தரம்பிரிக்க முடியவில்லை' என்று சொல்லும். உங்கள் பார்வையில் அது கழித்துவிட வேண்டிய படம். எங்கள் பார்வையில் அவரைத்தான் முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். வயது கூடியவர், நெடுங்காலச் சர்க்கரை நோயாளி, புரை வேறு. பாதிப்பு இருக்க அவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். படம் தெளிவில்லாதவர்களை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவர்களை வைத்து வெற்றி விகிதம் போடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. கழித்த படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

கருவி கொடுக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 'சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு தென்படவில்லை' என்று கருவி சொல்கிறது. நோயாளி காதில் விழுவது 'கண்ணில் ஒரு கோளாறும் இல்லை' என்பது. கண் நீர் அழுத்த நோயைப் பார்க்க அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதுவும் சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் நோய்தான். எனவே சீட்டைத் தமிழில், பெரிய எழுத்தில், மூன்று வரியில் கொடுங்கள்: எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, அடுத்து எப்போது எங்கே வர வேண்டும். விழுக்காட்டையும் வண்ணக் கட்டங்களையும் டாக்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கியவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்பதுதான் அடுத்த கேள்வி. வீடு தேடிப்போய்க் கேட்கும்போது கிடைக்கும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "மகன் லீவு கிடைக்கட்டும்னான்." "நாத்து நடவு முடியட்டும்." "போனேம்மா, அன்னைக்கு டாக்டர் வரலைன்னாங்க." "இப்பத்தான் நல்லா தெரியுதே." இந்தப் பதில்களில் ஒன்றையாவது உங்கள் மென்பொருள் கேட்டிருக்கிறதா? நோய் இருக்கலாம் என்று நூறு பேருக்குச் சொல்லி, முப்பது பேர்தான் சிகிச்சைக்குப் போனார்கள் என்றால், அந்த முகாம் நூற்றுக்கு முப்பதுதான். உங்கள் கருவியின் துல்லியம் தொண்ணூற்றேழாக இருந்தாலும் அதே முப்பதுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப் பகுதிகளில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் பரிசோதிக்கிறார்கள். அந்த மருத்துவமனையில் இத்தகைய பணியாளர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் காணொளி வழியே அந்த நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். பேசுவது டாக்டர் என்பதால் நோயாளிக்கு நம்பிக்கை வருகிறது. அதே மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம், கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992இல் உள்ளூரிலேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. லென்ஸ் என்பது நெடுநாளாக இருந்த தொழில்நுட்பம்தான். அதை ஏழையின் கண்ணுக்குள் கொண்டுபோய் வைக்கிற வழியைக் கட்டியதில்தான் மதுரையின் பெருமை இருக்கிறது. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதே வகை உழைப்பைத்தான்.

அரசிடமும் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், யாருக்குத் துணைக்கு ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் கருவி அனுப்பிவைத்தவர்களின் பட்டியல், நோயாளியின் சம்மதத்தோடும் சுகாதாரத் துறையின் அனுமதியோடும், அந்தப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தால் 'போனீங்களா?' என்று கேட்க ஒரு வாய் கிடைக்கும். அதற்கான செயலியை அவர்கள் கையிலுள்ள சாதாரண போனில், டவர் இல்லாத இடத்திலும் ஓடும்படி எழுதுங்கள். அவர்களுக்குக் கூடுதல் வேலை தருவதானால் அதற்கு ஊதியமும் கேளுங்கள்.

கண்ணை விட்டுவிட்டு மற்றத் துறைகளையும் ஒரு பார்வை பார்ப்போம். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தீர்மானிக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறையை ஆராய்ந்து 2019இல் சயின்ஸ் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த முறை நோயின் கடுமையை அளக்கவில்லை. மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு என்பதால், அவர்களுக்கு நோயும் குறைவு என்று கணக்குப் போட்டுவிட்டது. கிடைக்காத சிகிச்சையைத் தேவைப்படாத சிகிச்சை என்று கணினி எடுத்துக்கொண்டது. நம் ஊரில் தனியார் ஆஸ்பத்திரி பில்களையும் காப்பீட்டுக் கணக்குகளையும் வைத்து மாதிரி கட்டுகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கே போகாதவர் உங்கள் தரவில் ஆரோக்கியமானவராகத் தெரிவார்.

இன்னொன்று, தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டும் செப்சிஸை முன்கூட்டியே எச்சரிக்கும் என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் வைத்திருந்த ஒரு மென்பொருள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்து 2021இல் வெளியிட்டபோது, செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டது தெரிந்தது. அத்தனை ஆஸ்பத்திரிகளில் நுழைந்த பிறகுதான் இந்த வெளிச் சோதனை நடந்தது. வரிசை தலைகீழாக இருந்தது. நீங்கள் முதலில் சோதனை, பிறகு விற்பனை என்ற வரிசையை விடாதீர்கள்.

நல்ல சான்றும் உண்டு. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ஏ.ஐ. துணையோடு படம் பார்க்கும் முறையை, வழக்கமான முறையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிப்பது குறையவில்லை. கதிரியக்க மருத்துவர்கள் படம் பார்க்கும் சுமை 44 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் அறிவித்தார்கள். இப்படி ஆற அமரச் சோதித்து வந்த கருவியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கிறது.

கருவி நன்றாக வேலை செய்தாலும் ஓர் ஆபத்து இருக்கிறது. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு ஏ.ஐ. வந்த பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் மருத்துவர்கள் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4இலிருந்து 22.4ஆகக் குறைந்ததாக 2025இல் ஓர் ஆய்வு வந்தது. கரன்ட் போகும், நெட் போகும், நிறுவனம் மூடப்படும். அன்றைக்கும் எங்கள் டெக்னீஷியன் பெண் படத்தைப் பார்த்து "இங்க கசிவு இருக்கு" என்று சொல்லும் திறமையோடு இருக்க வேண்டும். கருவி முடிவைச் சொல்வதோடு நிற்காமல், எந்த இடத்தைப் பார்த்துச் சொன்னது என்றும் காட்டட்டும். அவர் தன் முடிவை முதலில் பதிந்துவிட்டு, பிறகு கருவியின் முடிவைப் பார்க்கும்படி அமைத்தால் பழக்கம் விட்டுப்போகாது.

படங்களின் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழித்திரைப் படத்தில் நோய் மட்டும் இல்லை. அதை வைத்தே ஒருவருடைய வயதை மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசத்தில் சொல்லவும், ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா என்று கணிக்கவும் கணினியால் முடியும் என்று 2018இல் காட்டினார்கள். மருத்துவர் கண்ணுக்கே தெரியாததை அந்தப் படம் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, கூட்ட நெரிசலில் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவ ஏ.ஐ.க்கு நெறிமுறை வெளியிட்டது. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. தமிழ்நாடு அரசு 2020லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான். வரிசையில் நிற்கும் பெரியவரிடம், "ஐயா, உங்க கண் படத்தை வச்சு இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்போம். வேண்டாம்னா சொல்லிடுங்க, வைத்தியம் நிக்காது" என்று வாயால் சொல்ல ஒரு ஆளை நிறுத்துங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கேட்டோம் என்பதுதான் அங்கே முக்கியம்.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? மருத்துவர் பார்க்காமலே கருவி தானாக முடிவு சொல்ல அமெரிக்க அரசு முதன்முதலில் 2018 ஏப்ரலில் அனுமதித்ததும் விழித்திரைக் கருவி ஒன்றைத்தான். அயோவாவைச் சேர்ந்த கண் மருத்துவர் மைக்கேல் ஆப்ரமாஃப் உருவாக்கியது. அந்த நிறுவனம், கருவியின் முடிவு தவறினால் பொறுப்பு தன்னுடையது என்று ஏற்றுக் காப்பீடும் எடுத்தது. இங்கே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'இறுதி முடிவு மருத்துவருடையது' என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் வளர வேண்டாம். டாக்டரே இல்லாத நிலையத்துக்கு என்றுதானே அந்தக் கருவியை விற்கிறீர்கள்? அங்கே பொறுப்பை யார் தலையில் வைப்பீர்கள், மாதச் சம்பளத்துக்கு இருக்கும் அந்தச் செவிலியர் தலையிலா?

எனவே உங்களிடம் கேட்பவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். உங்கள் கருவியை எந்த ஊரில் வைக்கப் போகிறீர்களோ, அந்த ஊர் மக்களிடம் சோதித்த எண்ணை வெளியிடுங்கள். எத்தனை பேரைத் தரம்பிரிக்க முடியவில்லை என்பதையும், அவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். கோடு எங்கே என்பதை அங்கிருக்கும் மருத்துவரோடும் செவிலியரோடும் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். நெட் இல்லாமலும் ஓடும்படி செய்யுங்கள். சிகிச்சை கிடைக்கும் இடம் எது என்று உறுதியாகும் முன் ஒரு முகாமும் நடத்தாதீர்கள். வைத்தியத்துக்கு வழி சொல்லாமல் நோயை மட்டும் சொல்வது கொடுமை. தவறுக்குப் பொறுப்பேற்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

சுகாதாரத் துறை அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: கருவி வாங்கும் டெண்டரில் துல்லியத்தைக் கேட்கிறீர்கள், விலையைக் கேட்கிறீர்கள். அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் சிகிச்சை பெற்றார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். அதைப் பொறுத்தே பணம் கொடுங்கள். அந்த ஒரு நிபந்தனை வந்தால் நிறுவனங்கள் தாமாகவே பஸ் நேரத்தை விசாரிக்கத் தொடங்கும்.

தம்பி, தங்கைகளே, உங்கள் அறிவின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கண் மருத்துவரே இல்லாத ஒன்றியத்திலும் ஒரு விழித்திரையைப் பார்த்துச் சொல்ல வழி செய்திருக்கிறீர்கள். இதை என் அம்மா காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அந்த அறிவு பாதி வழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், உங்கள் குழுவில் குறியீடு எழுதும் ஒவ்வொருவரும் ஒரு முழு நாள் ஒரு முகாமில் வேலை செய்யுங்கள். மறுவாரம் அங்கே சீட்டு வாங்கியவர்களின் வீடுகளுக்கு எங்களோடு வாருங்கள். அதன்பின் ஆண்டறிக்கை எழுதும்போது, எத்தனை படங்களை ஆராய்ந்தோம் என்பதைக் கடைசியில் வைத்து, எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்து பார்வை காப்பாற்றப்பட்டது என்பதை முதல் வரியாக எழுதுங்கள். அந்த எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். அதைப் பெரிதாக்க எங்களால் ஆன எல்லாவற்றையும் செய்கிறோம்.

அன்புடன்,
கண் பரிசோதனை முகாம் ஊழியர் ஒருத்தி